தள்ளிவிட்ட தட்டு

என் மனைவிக்கு எத்தனையோ நல்ல குணங்கள் உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவளுடைய பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதைச் சொன்னாலும் விளங்காது.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. வீட்டில் இவளைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இருவருக்கும் இரண்டு வயதுகூட வித்தியாசம் இல்லை. ஊரில் உள்ள எல்லார் மேலும் பெரியவளுக்குப் பொறாமை வராது. பக்கத்து வீட்டுக்காரி கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு வந்தால், "நல்லா இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று நிஜமான சந்தோஷத்தோடு கேட்பாள். ஆனால் சின்னவள் புதிதாக ஒரு துடைப்பம் வாங்கினால் போதும், எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அன்று படாத பாடு படும்.

இதற்கெல்லாம் மூலம் ஒரு மடி. "எனக்கு ரெண்டு வயசு ஆகறதுக்குள்ள அவ வந்துட்டா. அம்மா என்னை மடியிலேர்ந்து இறக்கிவிட்டுட்டு அவள தூக்கி வச்சுக்கிட்டாங்க. மாருல கசப்பத் தடவி வச்சுக்கிட்டு, என்னைக் கிட்டயே சேர்க்கல." இதைக் கல்யாணமான முதல் வாரம் சொன்னாள். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு வயதில் நடந்தது யாருக்காவது ஞாபகம் இருக்குமா என்று ஒருமுறை வாயைக் கொடுத்துவிட்டேன். "கசப்பு நாக்குல இன்னும் இருக்கு, வந்து பாருங்க" என்று நாக்கை நீட்டினாள். இதற்கு மேல் மனுஷன் என்ன பேசுவது?

நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டில் குறைப்பட வேண்டியவள் இவள் இல்லை. புதுச் சட்டை, புதுச் செருப்பு, புதுப் புத்தகம் எல்லாம் முதலில் பெரியவளுக்குத்தான். இவளுக்குச் சிறுத்துப்போனதும், அலுத்துப்போனதும், கிழிந்ததும்தான் அங்கே போகும். மாப்பிள்ளை விஷயமும் அப்படித்தான். என் சகலை, அதாவது சின்னவளின் வீட்டுக்காரன், முதலில் பெரியவளைத்தான் கேட்டு வந்தான். "மூக்கு ஒரு பக்கமா போகுது, எனக்கு வேண்டாம்" என்று இவள் சொல்லிவிட்டாள். வந்த சம்பந்தத்தை விடுவானேன் என்று சின்னவளுக்குப் பேசி முடித்தார்கள். மூக்கு இப்போதும் ஒரு பக்கமாகத்தான் போகிறது. ஆனால் அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவன் செல்போன் ரிப்பேர் கடை போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, உள்ளே ஏ.சி.யும் மாட்டிவிட்டான். நான் வேன் ஓட்டுகிறேன். எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பெரியவள் வேலைக்குப் போக ஆரம்பித்தது பட்டன் தொழிற்சாலையில். ஓடுகிற பெல்ட்டில் சட்டைப் பட்டன்கள் மழையாகக் கொட்டும். ஓட்டை சரியாக விழாதது, விளிம்பு உடைந்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துப் போட வேண்டும். பெல்ட் ஓடுகிற வேகத்தில் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். இவளுக்கு ஒரு பட்டன் தப்பாது. அங்கே அவளுக்கு ஊசிக்கண் என்று பெயர். நான் அந்தத் தொழிற்சாலையின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேனில் ஏறும்போது என் சட்டையைப் பார்த்து, "ரெண்டாவது பட்டன் வேற கம்பெனி" என்றாள். எங்கள் காதல் கதை அவ்வளவுதான்.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சும்மா இருந்த சமயத்தில்தான் மலையடிவாரத்துக் குகையில் தோண்ட ஆரம்பித்திருந்தவர்கள் ஆள் தேடினார்கள். எனக்குக் குகையிலிருந்து மண் மூட்டைகளைக் கொட்டகைக்கு ஏற்றி வரும் வேலை. பெரியவளுக்குக் கொட்டகையில் பொறுக்கும் வேலை.

மண்ணில் என்ன பொறுக்குவது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். குகைத் தரையை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டி, எந்த மூலை, எந்த ஆழம் என்று மூட்டைக்கு மூட்டை அடையாளம் போட்டு அனுப்புவார்கள். கொட்டகையில் அதைக் கொசுவலை மாதிரி சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டு அலசுவார்கள். மண் போனபின் மிஞ்சுவதைக் காயவைத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, பெண்கள் முன்னால் வைப்பார்கள். ஆளுக்கொரு விளக்கு, ஒரு தூரிகை, ஒரு இடுக்கி. எலித் தாடை ஒரு குப்பியில், வௌவால் எலும்பு ஒரு குப்பியில், நத்தை ஓடு, கரித்துண்டு, கல் சில்லு என்று ஒவ்வொன்றும் அதனதன் குப்பிக்குப் போக வேண்டும். காலையில் யாருக்கு எந்தத் தட்டு வருகிறதோ அதன் கைப்பிடியில் அவரவர் நிற நூலைக் கட்டிக்கொள்வார்கள். பெரியவளுடையது மஞ்சள் நூல்.

இதையெல்லாம் எதற்குச் செய்கிறார்கள்? ஒரு காலத்தில் அந்தக் குகையில் மனிதர்கள் இருந்தார்கள். வீடு கட்டவும் விதைக்கவும் தெரியாத காலம். அவர்களுடைய அடுப்புச் சாம்பல் இருக்கிறது, தின்றுபோட்ட எலும்பு இருக்கிறது, ஆட்களைத்தான் காணோம். எலும்பு மக்கிப்போகும், பல் மக்குவது கடினம். அதனால் கொட்டகை மொத்தமும் ஒரு பல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மனித எலும்போ பல்லோ கண்ணில் பட்டால் கத்தக் கூடாது, தொடவும் கூடாது. இடுக்கியால் தட்டின் விளிம்பை டிங் டிங் என்று தட்ட வேண்டும். மொத்தக் கொட்டகையும் கையை நிறுத்திவிடும். கொட்டகையை நடத்துகிற அம்மா வந்து பார்த்து, ஆமாம் என்று சொன்னால், கண்டுபிடித்தவளை அந்த அம்மாவின் நாற்காலியிலேயே உட்கார வைத்து, பொருளை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்த எலும்பு அவள் பெயரில்தான் வழங்கும். குட்டை என்று ஒருத்தி இருந்தாள், அவள் ஒரு விரல் எலும்பைக் கண்டெடுத்தாள். இன்றைக்கும் அது 'குட்டை விரல்'. ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன எண் கொடுத்தால் யாருக்கென்ன?

பெரியவள் கை படாத எலியே அந்தக் குகையில் இல்லை. அவள் குப்பிகளைத்தான் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். ஆனால் மனிதச் சில்லு ஒன்றுகூட அவள் தட்டில் விழவில்லை. "எனக்குன்னு ஒரு பல்லு அங்க இருக்குங்க, அது தெரியும். வரும்" என்பாள். தோண்டுகிற ஒவ்வொரு பருவமும் நம்பிக்கையோடு போவாள், ஒவ்வொரு பருவமும் எலியோடு திரும்புவாள்.

அப்போதுதான் என் மாமியார் ஆரம்பித்தார். அவர் எங்களோடுதான் இருக்கிறார். "சின்னவ வீட்டுல சும்மாதானே இருக்கா, உன்கூட அவளையும் சேத்துவிடேன்டி." பெரியவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏன், அவ புருஷன் கடையில ஏ.சி. காத்து போதலியா?" என்றாள். ஆனாலும் தன் வாயாலேயே சிபாரிசு செய்தாள். ஏன் தெரியுமா? தான் எவ்வளவு பெரிய ஆள் என்பதைத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. என்னிடம் அவள் இதை ஒப்புக்கொள்ளவில்லை, எனக்கே தெரியும்.

சின்னவள் சிவப்பு நூலோடு வந்து பக்கத்து விளக்கில் உட்கார்ந்தாள். ஆமை வேகம். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பொறுக்குவாள், நடுவில் தும்முவாள், தும்மினால் பாதித் தட்டு பறக்கும். பெரியவளுக்கு ஒரே குஷி. தினமும் வேனில் ஏறியதும் தங்கையின் தும்மலை எனக்கு நடித்துக் காட்டுவாள்.

அந்த மாதம் முடிவதற்குள் அது நடந்துவிட்டது. காலையில் தட்டுகள் வந்தன. சின்னவளுக்கு அடுப்படி மண். கரி, தீய்ந்த எலும்பு, கல் சில்லு, கண்ணுக்கு விருந்து மாதிரி இருக்கும். ஏதாவது கிடைத்தால் அதில்தான் கிடைக்கும் என்பது கொட்டகையின் நம்பிக்கை. பெரியவளுக்கு வௌவால் மூலை மண். எத்தனை அலசினாலும் நாற்றம் போகாது. பூராவும் எலிப்பல்தான், ஒவ்வொன்றும் எள்ளளவு. அந்தத் தட்டு வந்தால் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னிக்கு உன் பாடு அம்போ" என்பார்கள்.

மாலையில் பல் கிடைத்தது. முழு மனிதக் கடைவாய்ப் பல். டிங் டிங் என்று தட்டியது சின்னவள். நான் வெளியே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் பெரியவளுக்குத்தான் கிடைத்துவிட்டது என்று நினைத்து மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் நாற்காலியில் மச்சினி. உள்ளங்கையில் பல். "மாமா, பாருங்களேன்!" என்கிறாள், தலைகால் புரியவில்லை அவளுக்கு. பெரியவள் தன் விளக்கடியில், குனிந்த தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் இடுக்கியில் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தாள். பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். ஒரு பாத்திரமும் சத்தம் போடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"அது என் தட்டுங்க."

"எது?"

"பல்லு இருந்த தட்டு. வௌவால் மூல. காலையில எனக்கு வந்தது அதுதான். நாத்தத்துக்கு நான் அதக் கிளறக்கூட இல்ல. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் கை கழுவப் போனாங்க. அடுப்படித் தட்டு அவளுக்கு எதுக்கு, தும்மியே பறக்கவிடுவான்னு, நூல அவுத்து மாத்திக் கட்டி, தட்டையும் மாத்தி வச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. மாமியார் உள்ளே படுத்திருக்கிறார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வந்த மகாலட்சுமிய நீயே கையப் பிடிச்சு பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கியே!" என்றேன். அவள் ஈரக் கையோடு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் முகம் கொடுத்துப் பேச வெகு நாளானது. தங்கையோடு பேச்சே நின்றுபோனது. பக்கத்துப் பக்கத்து விளக்கில் உட்கார்ந்து, தூரிகை வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆளிடம் கேட்டு வாங்கினாள்.

அந்தப் பல்லுக்குச் 'சின்னவ பல்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒவ்வொரு முறை யாராவது அப்படிச் சொல்லும்போதும் பெரியவளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும், எனக்குப் பக்கத்தில் நின்றாலே சூடு தெரியும். போதாக்குறைக்கு என் சகலை. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கடையில் மாட்டிவிட்டான். போன் ரிப்பேருக்கு வருகிறவனிடமெல்லாம், "நம்ம வீட்டம்மா கண்டுபிடிச்சது, உலகத்துலயே இந்த மாதிரி கொஞ்சம்தான்" என்று அளந்துகொண்டிருந்தான். நான் சார்ஜர் வாங்கப் போனபோது எனக்கும் அதையே சொன்னான். எனக்கு! மண் மூட்டையைத் தூக்கி வந்ததே நான்! சார்ஜரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பல்லை ஆராய்ச்சிக்குக் கொண்டுபோன பல் அம்மா பல மாதம் கழித்துத் திரும்பி வரப்போவதாகச் செய்தி வந்தது. கொட்டகையை நடத்துகிற அதே அம்மாதான். படித்ததெல்லாம் பல்லைப் பற்றித்தான் என்பதால் எங்களுக்குப் பல் அம்மா. நமக்குப் பல் வலித்தால் பார்க்க மாட்டார், செத்து மண்ணாகி யுகம் ஆகியிருக்க வேண்டும். பல் என்ன சொல்லுகிறது என்பதை எங்கள் எல்லாருக்கும் உட்கார வைத்துச் சொல்லப் போகிறார். அதற்குப் பிறகு பல்லைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டையில் கண்டெடுத்தவளின் கூப்பிடு பெயரையும் போடப் போகிறார்கள்.

பெரியவளுக்குத் தூக்கம் போயிற்று. "அட்டையில போட்டுட்டாங்கன்னா போட்டதுதான். அதுக்கு முன்னாடி சொல்லிடணும்" என்றாள்.

"என்னன்னு சொல்லுவ? தங்கச்சிக்கு நாத்தத் தட்டத் தள்ளிவிட்டேன்னா?"

"தெரியாம மாறிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"வேணாம்மா. மானம் போகும். விட்டுத்தொல."

"உங்களுக்கென்ன தெரியும்? பொறந்ததுலேர்ந்து எனக்குன்னு இருந்தத எல்லாம் அவ வந்து எடுத்துக்கறா. இந்த ஒண்ண நான் விடமாட்டேன்."

அந்த நாளும் வந்தது. கொட்டகையில் தட்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். சகலை கடையைப் பூட்டிவிட்டுப் பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு, மனைவி பெயர் சொல்லப்படுவதைப் போனில் படம் பிடிக்க வந்திருந்தான். பெரியவள் முன்வரிசை. சின்னவள் அவளுக்கு நேர் பின்னால். நான் வாசலில் நின்றேன், ஏதாவது ஆனால் வேனை எடுக்கச் சௌகரியம்.

பல் அம்மா சுவரில் பல்லின் படத்தைப் பெரிதாகக் காட்டினார். "பல்லு வெங்காயம் மாதிரி ஏடு ஏடா வளரும். ஒவ்வொரு ஏட்டுலயும் அந்த நேரத்துல உடம்புல என்ன இருந்துச்சோ அது தங்கிடும். பொறந்த அன்னிக்கே ஒரு கோடு விழும், இதோ பாருங்க" என்றார். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். "ஏட்டுல இருக்கற சத்த வச்சுப் பார்த்தா இது ஒரு பொண்ணு. சின்ன வயசுல இந்தப் பக்கம் வளரல. வேற மண்ணுல வளர்ந்தவ."

"வாக்கப்பட்டு வந்தவளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நடந்து வந்தவ. நல்லா வளர்ந்து வாழ்ந்திருக்கா, பல்லு தேஞ்சிருக்கறதப் பாருங்க. ஓரத்துல ஒரு பள்ளம் இருக்கு, தெரியுதா? தினமும் குச்சியால பல்லு குத்தியிருக்கா."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வாயிலிருந்த குச்சியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இது வௌவால் மூலையில ஏன் கெடந்துச்சுன்னா, முள்ளம்பன்றி எலும்பக் கொறிக்க இழுத்துக்கிட்டுப் போகும். அப்படிப் போயிருக்கலாம். இப்ப முக்கியமானது இது." பல் அம்மா ஒரு ஏட்டைக் காட்டினார். "தாய்ப்பால் குடிக்கறப்ப பல்லுல ஒரு சத்து நெறையச் சேரும். இந்தக் கொழந்தைக்கு ரெண்டு வயசு வாக்குல அது திடீர்னு நின்னுபோகுது. கொஞ்சம் கொஞ்சமா இல்ல, ஒரேயடியா. அந்த எடத்துல ஏடே நெளிஞ்சிருக்கு. ரொம்பத் தவிச்சிருக்கா."

"ஏன் நிறுத்தினாங்க?" கேட்டது பெரியவள். அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"உறுதியா சொல்லமாட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம். அடுத்த கொழந்த வந்திருக்கலாம்."

பெரியவள் மெல்லத் திரும்பித் தன் பின்னால் உட்கார்ந்திருந்த அடுத்த குழந்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சின்னவள் எரிந்து சாம்பலாகாமல் இருந்தது ஆச்சரியம்.

"ஆனா கதை அங்க முடியல" என்றார் பல் அம்மா. "கொஞ்ச நாள் கழிச்சு, இதோ இந்த ஏட்டுல, பால் சத்து மறுபடியும் ஏறுது. எறக்கிவிட்ட பொண்ண அம்மா திரும்பவும் கூப்பிட்டுப் பால் குடுத்திருக்காங்க. சாப்பாடு கெடைக்காத காலமா இருந்திருக்கும்."

கொட்டகையில் உச்சுக்கொட்டாதவர்கள் இல்லை. பெரியவள் மட்டும் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தாள். பல் அம்மா தண்ணீர் குடித்துவிட்டு, "சரி, இனிமே அட்டையில 'சின்னவ பல்'னு போட்டுடலாம்" என்று முடித்ததும்தான் இவளுக்குச் சுரணை வந்தது. எழுந்து நின்றாள்.

"அம்மா, அது என் தட்டு. அன்னிக்கு எனக்கு வந்தது. மத்தியானம் தெரியாம மாறிடுச்சு."

"தெரியாமலாக்கா?" என்றாள் பின்னாலிருந்து சின்னவள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.

பெரியவள் முகம் சிவந்துவிட்டது. பொய்யை எப்படியாவது இழுத்துப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்க முடியவில்லை. "தெரிஞ்சுதான்டி மாத்தினேன்! நாத்தம் தாங்கல, உன் தட்டு நல்லா இருந்துச்சு, எனக்கு வேணும்னு இருந்துச்சு, மாத்தினேன்! போதுமா? ஆனா பல்லு என் தட்டுல இருந்துச்சு. என்னுது!"

கொட்டகையே வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தது. சின்னவள் எழுந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீ மாத்தினது எனக்கு அன்னிக்கே தெரியும். கை கழுவிட்டு வந்தப்பவே பார்த்தேன், என் சிவப்பு நூல்ல நீ போடற முடிச்சு. சின்ன வயசுலேர்ந்து எனக்கு வந்தது எல்லாமே நீ வேணாம்னு தள்ளினதுதான்க்கா. சட்டை, செருப்பு, பள்ளிக்கூடப் பை. எதுலயும் உன் பேர அழிச்சுட்டுத்தான் என் பேர எழுதியிருக்கேன்." சகலை பக்கம் கையைக் காட்டினாள். "புருஷன் உட்பட."

சகலையின் போன் மெல்லக் கீழே இறங்கியது. அவன் மூக்கைத் தடவிக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, பாவமாக இருந்தது.

"நீ தள்ளினத நான் என்னிக்காவது வேணாம்னு சொல்லியிருக்கேனா? அன்னிக்கும் மூக்கப் பொத்திக்கிட்டு உட்கார்ந்து பொறுக்கினேன். அந்த நாத்தத்துக்குள்ளேர்ந்து ஒரு நல்லது வந்தா, உடனே அது உன்னுதா? தள்ளினா தள்ளினதுதான். பல்லு என்னுது."

பல் அம்மா பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேணும்னா ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாமா?" என்றார்.

"வேணாம்" என்றாள் சின்னவள்.

எல்லாரும் பெரியவளைப் பார்த்தார்கள். அவள், "அவ பேரையே போடுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்து வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள், நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டில் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, என்னை எறக்கிவிட்டதுக்கப்புறம், மறுபடியும் என்னிக்காவது எனக்குப் பால் குடுத்தியா?"

"என்னடி கேள்வி இது, இந்த வயசுல? மாப்பிள்ளை நிக்கறாரு!"

"குடுத்தியா இல்லியா?"

மாமியார் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "குடுத்தேனே. ஆமா, குடுத்தேன். மறந்தே போச்சு பாரு."

பெரியவளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "எப்பம்மா?" என்றாள், குழந்தை மாதிரி.

"சின்னவ கைக்கொழந்தையா இருந்தப்ப ஒரு காய்ச்சல் வந்துச்சு. வாயே வைக்கமாட்டேன்னுட்டா. எனக்குப் பால் கட்டிக்கிட்டு, மாரு கல்லாட்டம் ஆயிடுச்சு. வலி தாங்கல. நீ வாசப்படியில நின்னு என்னையே மொறச்சுக்கிட்டு இருந்த. வாடின்னேன். ஒரே ஓட்டமா வந்து ஏறிக்கிட்ட. அப்புறம் உன்னை எறக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

நான் மனத்துக்குள், அப்பாடா, இத்தனை வருஷத்துக் கசப்பு இன்றோடு இறங்கியது என்று நினைத்தேன். இந்த வீட்டில் இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் எனக்குப் புத்தி வரவில்லை. அவள் முகம் மெல்ல மெல்லப் பழையபடி ஆகிக்கொண்டிருந்தது.

"அப்ப," என்றாள், "அதுவும் அவ வேணாம்னு விட்டதா?"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சொல்லும்மா. அவ வேணாம்னதத்தான் எனக்குக் குடுத்தியா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. செருப்புதான் காலிலேயே இருந்ததே, விடுவிடுவென்று இறங்கி நடந்தாள். சின்னவள் வீடு அடுத்த தெரு. நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டைத் திறக்காமல் வெளியே நின்றபடி தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள்: "ஏய், வெளிய வாடி!"

சகலை ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். சின்னவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "இன்னும் என்னக்கா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். நீ மட்டுந்தான் மிச்சத்துல வளர்ந்தவன்னு நெனச்சுக்காத. உனக்குக் காய்ச்சல் வந்து நீ வேணாம்னு விட்ட பால நான் குடிச்சிருக்கேன். அம்மா இப்பதான் சொன்னாங்க. நானும் உன் மிச்சம் தின்னவதான். சரிக்குச் சரி ஆச்சு."

இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எனக்குத்தான் தெரியும். சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? சின்னவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். கேட்டின் கொண்டியை நீக்கினாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நான் ஓரடி தள்ளி நின்றேன்.

"நான் காய்ச்சல்ல கெடந்தப்பவா?" என்றாள் சின்னவள். "என் பாலையாடி குடிச்ச? நான் சாகக் கெடக்கறேன், நீ ஏறி உட்கார்ந்து குடிச்சியா? அதக்கூட எனக்கு விட்டு வைக்கலியா நீ?"